ஸ்டுடியோ கம்ப்யூட்டரை விற்றுவிட்டு ஐபேட் வாங்கலாமா?

காரைக்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கணவர் கல்யாணங்களுக்குப் போட்டோ, வீடியோ எடுப்பவர். எடுத்து வந்ததை ஆல்பமாகவும் வீடியோவாகவும் ஆக்குவது இவர். போட்டோ செலக்‌ஷன், கலர் கரெக்‌ஷன், ஆல்பம் டிசைன், வீடியோ மிக்ஸிங் என்று ஒன்பது வருடமாக மாடி அறையில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் வேலை. கலருக்கு லைட்ரூம் கிளாசிக், ஆல்பத்துக்கு போட்டோஷாப், வீடியோவுக்கு எடியஸ்.

எட்டு மாதத்துக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. கீழே கூடத்தில் படுக்கையில் இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், கூப்பிட்ட குரலுக்குப் போக வேண்டும். "ஒரு நாளைக்கு இருபது தடவை படியேறி இறங்குகிறேன். முகூர்த்தம் முடிந்து மூன்று மாதமாகியும் ஆல்பம் தரவில்லை என்று இரண்டு வீட்டில் சத்தம் போட்டுவிட்டார்கள்" என்று எழுதுகிறார்.

இதற்குக் கணவர் கண்டுபிடித்த வழி: கம்ப்யூட்டரை விற்றுவிட்டு 13 அங்குல ஐபேட் ப்ரோ வாங்குவது. எம்4 சிப், 256 ஜிபி. பேனா, கீபோர்டு எல்லாம் சேர்த்துக் கடையில் 1,75,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு இவருடைய சங்கிலியை அடகு வைப்பது, மீதிக்கு 18 மாதத் தவணை. யூடியூபில் ஒரு தம்பி எல்லா வேலையையும் ஐபேடிலேயே முடிக்கிறாராம். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் இருக்கிற சிப்தான் இதிலும் இருக்கிறதாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் திணறுகிற அதே 4கே வீடியோ கடை ஐபேடில் வழுக்கிக்கொண்டு ஓடியதாம். "வாங்கலாமா? வாங்கினால் என்னால் சமாளிக்க முடியுமா? புதிதாகக் கற்றுக்கொள்ளும் வயது தாண்டிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் எடியஸில் மிக்ஸிங் செய்தவருக்கு டேப்லெட் ஒரு வாரப் பழக்கம்தான். எந்த ஷாட்டுக்குப் பிறகு எந்த ஷாட் வர வேண்டும், எந்த முகத்தை விடக்கூடாது என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதற்குத்தான் வருடக்கணக்கு ஆகும். பொத்தான் எங்கே இருக்கிறது என்பது அப்புறம் தானாக வந்துவிடும்.

இருபது வருடத்துக்கு மேலாக நான் எடிட்டிங் மேசையில் இருக்கிறேன். கடந்த சில வருடங்களாக டேப்லெட்டையும் தினமும் பயன்படுத்துகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுச் சொல்கிறேன்: கம்ப்யூட்டரை விற்காதீர்கள். சங்கிலியை அடகு வைக்காதீர்கள். ஆனால் டேப்லெட் ஒன்று உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் பார்த்து வைத்திருப்பதில் கால் பங்கு விலைக்கு வாங்கினால் போதும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

மாடியில்தான் செய்தாக வேண்டும் என்பது எவ்வளவு?

உங்கள் வேலையை ஒரே மூட்டையாகப் பார்ப்பதால்தான் "இதா, அதா" என்ற கேள்வி வருகிறது. ஒரு கல்யாண ஆர்டரைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். 3,500 படத்தில் ஆல்பத்துக்கு 300 எடுப்பது ஒரு வேலை. அந்த 300-க்குக் கலர் சரிசெய்வது ஒன்று. முகத்தில் வியர்வை, பரு, ஜரிகை வெளுப்பு இதையெல்லாம் திருத்துவது ஒன்று. ஷீட் டிசைன் ஒன்று. மூன்று நிமிட ஹைலைட்ஸ் ஒன்று. மூன்று நான்கு மணி நேர முழு வீடியோ ஒன்று. கடைசியில் ரெண்டர், அதாவது அடுக்கி முடித்த வீடியோவை ஒரே ஃபைலாக ஆக்குவது.

இதில் முதல் மூன்றையும் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்துவிடலாம். அதற்கான வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, லைட்ரூம் கிளாசிக்கில். கார்டிலிருந்து படங்களை வழக்கம்போல மாடிக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஒரு கலெக்‌ஷன் போட்டு, அதற்கு 'சிங்க்' கொடுத்துவிடுங்கள். கேமரா பதிந்த அசல் படக் கோப்பான ரா ஃபைல் கிளவுடுக்கு, அதாவது இணையச் சேமிப்புக்கு, முழுதாகப் போகாது. ஸ்மார்ட் ப்ரிவியூ என்று நீளப் பக்கம் 2,560 பிக்சல் உள்ள சிறு நகல்தான் போகும். சந்தாவில் உள்ள கிளவுட் இடக் கணக்கில் அது சேராது. டேப்லெட்டில் லைட்ரூமைத் திறந்தால் மொத்தக் கல்யாணமும் அங்கே இருக்கும். நீங்கள் கொடுக்கும் நட்சத்திரம், கொடி, கலர் மாற்றம், மாஸ்க் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து திருத்துவது) எல்லாம் மாடிக் கம்ப்யூட்டரில் உள்ள அசல் ராவுக்குத் தானாகப் போய்ச் சேரும். 3,500 ரா ஃபைலை, ஒன்று 25 எம்பி என்று வைத்தாலும், 87 ஜிபி. அதை எங்கேயும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சிறு நகலில் வேலை செய்வதால் டேப்லெட்டும் பெரிய சிப் உள்ளதாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

பேனாவின் அருமை உங்களுக்கு எங்கே தெரியும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அரக்குப் பட்டு கட்டிய பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். வீடியோ லைட் நேராக மடியில் விழுகிறது. கொசுவத்து ஜரிகை மொத்தமும் வெள்ளைப் பட்டையாகிவிட்டது, முகம் மட்டும் சரியாக இருக்கிறது. மவுஸில் அந்த ஜரிகையைச் சுற்றி மாஸ்க் போட்டால் வளைவு ஒவ்வொன்றிலும் பிசிறும். பேனாவை வைத்து, புடவை விழுந்திருக்கிற போக்கிலேயே கையை ஓட்டி, ஓரத்தில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வந்து ஹைலைட்டை, அதாவது வெளுத்த பகுதியின் வெளிச்சத்தை, கீழே இழுத்தால், மாங்காய் புட்டா ஒவ்வொன்றாக எழுந்து வரும். ரா ஃபைலாக இருந்தால்தான் இது நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மண்டபத்து எல்இடி சுவரிலிருந்து மாப்பிள்ளையின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிற ஊதா வெளிச்சத்தையும் இதே மாதிரிதான் எடுக்கிறேன். மவுஸில் பத்து நிமிடம் ஆகிற படம் பேனாவில் இரண்டு நிமிடத்தில் முடிகிறது. இந்த வகையில் டேப்லெட் கம்ப்யூட்டருக்கு மாற்று என்றுகூட நான் சொல்லமாட்டேன், அதைவிட ஒரு படி மேல்.

ஷீட் டிசைன் வேறு கதை. 12க்கு 36 அங்குல ஷீட் 300 டிபிஐயில் 3,600க்கு 10,800 பிக்சல், அதாவது கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்சல். ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகளில், அதாவது லேயர்களில், ஒன்றுக்கே நூறு எம்பிக்கு மேல் நினைவகம் எடுக்கும். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பிஎஸ்டி (போட்டோஷாப் ஃபைல்) டிசைன்களில் முப்பது நாற்பது லேயர் இருக்கும். ஐபேடிலும் போட்டோஷாப் இருக்கிறது, 2019-லிருந்து. ஆனால் அது கம்ப்யூட்டர் போட்டோஷாப்பின் சுருங்கிய வடிவம்தான். நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் ப்ளக்-இன் அங்கே ஏறாது. நாற்பது ஷீட் ஆல்பத்தை அதில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் நாற்பது ஷீட் ஆல்பம் போட்டதில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லாதது. பழைய டிசைன்களில் தமிழ்ப் பெயர்களைப் பாமினி மாதிரியான எழுத்துருவில்தான் அடித்திருப்பீர்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் ஃபைலைத் திறந்து எழுத்தைத் திருத்தப் போனால் மணமகள் பெயர் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிற்கும். யூனிகோடில் புதிதாக அடிக்கிறீர்கள் என்றால், எந்தச் செயலியாக இருந்தாலும் முதலில் 'கௌசல்யா', 'ஸ்ரீ', 'பொன்னி' என்று மூன்றை அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் அந்தச் செயலி தமிழ்த் தலைப்புக்கு ஆகாது. அழைப்பிதழ் ஷீட்டில் பெயர் தப்பாக அச்சாகி வந்தால் மறு ப்ரிண்ட் செலவு நம் தலையில்தான்.

கடையில் வழுக்கிய 4கே

வீட்டுக்காரர் கண்ணால் பார்த்தது உண்மைதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. உங்கள் கேமரா சோனி ஏ7 4 என்றும், எச்.265, 10 பிட், 4:2:2 முறையில் பதிவு செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கும் முறை, 4:2:2 என்பது அதில் எவ்வளவு கலர் விவரம் பதிகிறது என்ற அளவு. உங்கள் கம்ப்யூட்டர் எட்டாம் தலைமுறை ஐ7. அந்தத் தலைமுறை இன்டெல் சிப்பில் இந்த 4:2:2 வகை எச்.265-ஐப் பிரித்துக் காட்டுவதற்கான தனி வசதி இல்லை. டெஸ்க்டாப் சிப்களில் 11-ஆம் தலைமுறையில்தான் அது வந்தது. உங்களிடம் இருக்கும் பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டிலும் இல்லை. ஆக மொத்தச் சுமையும் ப்ராசசர் தலையில் விழுந்து வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. ஆப்பிள் சிப்பில் அந்த வசதி உள்ளேயே இருப்பதால் ஐபேடில் ஓடுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது என்று இதற்குப் பொருளில்லை.

இதற்கு மூன்று மருந்து இருக்கிறது. முதலாவதுக்குச் செலவே கிடையாது: கேமராவில் 4:2:2-ஐ மாற்றி 4:2:0 வையுங்கள். கல்யாண வீடியோவில் அந்த வித்தியாசத்தை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், நானே கண்டுபிடிக்கத் திணறுவேன். இரண்டாவது, எடியஸில் ப்ராக்ஸி முறையில், அதாவது எடிட் செய்ய மட்டும் எடுக்கும் இலேசான நகலை வைத்து, வேலை செய்வது. இரவு படுக்கும்போது ப்ராக்ஸி போட விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். மூன்றாவது, ஹார்ட் டிஸ்கிலிருந்தே நேரடியாக எடிட் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிட்டு ஒரு எஸ்எஸ்டி வாங்கி, நடக்கிற வேலையை மட்டும் அதில் வைப்பது. நீங்கள் டேப்லெட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த மூன்றையும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

"மேக்கில் உள்ள அதே சிப்" என்பதும் பாதி உண்மை. சிப் ஒன்றுதான், ஆனால் அதன் மேல் ஓடுகிற மென்பொருள் வேறு. எடியஸ் விண்டோஸுக்கு மட்டும்தான். ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்த எடியஸ் ப்ராஜெக்ட், எஃபெக்ட், டைட்டில் எதுவும் ஐபேடில் திறக்காது. ஐபேடில் நல்ல மென்பொருள் இல்லை என்று சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வ் 2022 டிசம்பரில் வந்தது, இலவசமாகவே நிறையச் செய்யலாம். ஃபைனல் கட் ப்ரோ 2023 மே மாதம் சந்தா முறையில் வந்தது. லூமாஃப்யூஷன் ஒருமுறை பணம் கட்டினால் போதும், ஆண்ட்ராய்டிலும் கிடைக்கிறது. ஹைலைட்ஸ், டீசர், ரீல்ஸ் இவற்றுக்கு மூன்றுமே தாராளம். அந்த யூடியூப் தம்பி செய்வது பத்து நிமிட வீடியோவாகத்தான் இருக்கும். உங்களுக்குக் காசி யாத்திரையிலிருந்து நலங்கு வரை நான்கு மணி நேரம் ஓட வேண்டும். மாமா சீர் கொண்டுவருகிற காட்சியை வெட்டினால் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

256 ஜிபி கணக்கு

4கே நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமரா, தலா மூன்று மணி நேரம் என்றால் 270 ஜிபி. நீங்கள் வாங்க நினைக்கும் ஐபேடில் ஒரே ஒரு கல்யாணம்கூட முழுதாக அடங்காது. பிறகு இடம் கூட்டிக்கொள்ளவும் முடியாது. எம்4 ஐபேட் ப்ரோவில் 256, 512 ஜிபி மாடல்களுக்கு ரேம் 8 ஜிபிதான். 16 ஜிபி வேண்டுமென்றால் 1 டிபி மாடலுக்குப் போக வேண்டும். வெளி எஸ்எஸ்டி மாட்டலாம், ஆனால் இருப்பது ஒரே துளை. கீபோர்டு வழியாகச் சார்ஜ் ஏற்றாவிட்டால் சார்ஜுக்கும் சேர்த்து ஒரு ஹப் வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் டிஸ்குகள் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும், ஐபேட் அதில் எழுதாது. இரண்டும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்ற ஃபார்மேட் செய்ய வேண்டும், டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பழைய கல்யாணங்கள் இருக்கிற டிஸ்கை அவசரத்தில் ஃபார்மேட் செய்துவிடப் போகிறீர்கள், தயவுசெய்து கவனம்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். சுற்றியுள்ள வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போது பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிளே சொல்கிறது. டேப்லெட்டுக்குள் விசிறி கிடையாது. உங்கள் ஊரில் சித்திரை, வைகாசி மத்தியானம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட ரெண்டர் போட்டால் சூடாகி, திரை மங்கி, வேகம் குறையும். போதாததற்கு ரெண்டர் முடியும்வரை செயலியை மூடாமல் திறந்தபடியே வைத்திருக்க வேண்டிய கட்டாயம் வெகுநாள் இருந்தது. 2025-இல் வந்த ஐபேடோஎஸ் 26-இல்தான் பின்னணியில் ஓடவிடும் வசதி கொடுத்தார்கள். அதுவும் அந்தந்தச் செயலி அதை ஏற்றுக்கொண்டிருந்தால்தான்.

முழு வீடியோவைக் கீழே இருந்து எப்படிச் செய்வது?

ஒரு பழைய முறை இருக்கிறது. மாடியில் இரண்டு கேமராவின் வீடியோவையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தி, மூலையில் டைம்கோடு ஓடும்படி குறைந்த தரத்தில் ஒரு நகல் எடுத்து டேப்லெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. "1:12:40 – 1:13:05 மாலை மாற்று, இரண்டாம் கேமரா", "1:31:10 கெட்டிமேளம், தாத்தா முகம் கட்டாயம்" என்று எழுதிக்கொண்டே போங்கள். நடுவில் அத்தை கூப்பிட்டால் நிறுத்திவிட்டுப் போகலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. எடிட்டிங்கில் மூளை வேலை முக்கால்வாசி இங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், யோசிக்காமல் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் டைம்லைனில் அடுக்கிவிடலாம். அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டில் வேறு யாராவது அத்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டுக்காரர் ஆர்டர் இல்லாத நாளில் தாராளமாகச் செய்யலாம்.

ரெண்டர் முடிந்ததா என்று பார்க்கப் படியேறவும் வேண்டாம். க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் இலவசம். வீட்டு வைஃபையில் மாடிக் கம்ப்யூட்டரின் திரையைக் கீழே டேப்லெட்டில் பார்த்து, அடுத்த ஃபைலை ரெண்டருக்குப் போட்டுவிடலாம். நுணுக்கமாக எடிட் செய்ய அது சரிவராது. தொட்டதற்கும் அசைவதற்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கும்.

ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். இன்னொரு காது அத்தைக்கு.

என்ன வாங்குவது, எந்தப் பணத்தில்?

உங்கள் தேவைக்கு எனக்குத் தோன்றுவது இரண்டு. சாம்சங் டேப் எஸ்9 எஃப்இ மாதிரியான நடுத்தர ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் பேனா பெட்டிக்குள்ளேயே வருகிறது, அழுத்தத்தையும் உணர்கிறது. மெமரி கார்டு போட இடம் உண்டு. தண்ணீர், தூசி தாங்கும் ஐபி68 தரம் இருக்கிறது. படுக்கைப் பக்கத்தில் கஞ்சியும் தண்ணீரும் புழங்குகிற இடத்தில் இது பெரிய விஷயம். இல்லையென்றால் சாதாரண ஐபேட். 2025-இல் ஏ16 சிப்போடு வந்தது, 34,900 ரூபாய்க்கு அறிமுகமானது. அதற்கு யுஎஸ்பி-சி பென்சிலை வாங்காதீர்கள், அதில் அழுத்த உணர்வு கிடையாது. முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலில் இருக்கிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலாவதை எடுப்பேன். டாவின்சி ரிசால்வ் ஆண்ட்ராய்டில் இல்லை என்பது ஒன்றுதான் குறை. லூமாஃப்யூஷன் வைத்து ஹைலைட்ஸ் பண்ணிக்கொள்ளலாம்.

"எல்லா வேலையும் கீழேதான் நடக்க வேண்டும், மாடி ஏறவே முடியாது" என்ற நிலை வந்தால் அப்போதும் ஐபேட் ப்ரோவுக்குப் போகாதீர்கள். 11-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள இன்டெல் சிப் கொண்ட ஒரு விண்டோஸ் லேப்டாப் பாருங்கள். எடியஸ், பிஎஸ்டி, பாமினி எல்லாம் அப்படியே வரும்.

தவணை விஷயத்தில் ஒன்று. 'வட்டி இல்லாத தவணை' என்று கடையில் சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் இருக்கும். கிரெடிட் கார்டு தவணை என்றால், உள்ளே வங்கி கணக்கிடும் வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் நம்மிடம்தான் வரும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, தவணை மட்டும் வரும். 18 மாதத்தில் இரண்டு ஆடியோ இரண்டு மார்கழியோ மாட்டினால், அந்த மாதங்களில் எதிலிருந்து கட்டுவீர்கள் என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள், கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம்.

சங்கிலியைப் பற்றி எழுதிய இடத்தில், "என் வேலைக்குத் தனியாகச் சம்பளம் என்று எதுவும் இல்லை, குடும்பம்தானே" என்று ஒரு வரி இருந்தது. அதை என்னால் அப்படியே தாண்டிப் போக முடியவில்லை. வெளியே கொடுத்தால் ஒரு கல்யாணத்தின் ஆல்பம் டிசைனுக்கும் மிக்ஸிங்குக்கும் எவ்வளவு கேட்பார்கள் என்று உங்கள் வீட்டுக்காரருக்கே தெரியும். ஒன்பது வருடம் அந்தப் பணம் ஸ்டுடியோவில்தான் இருந்திருக்கிறது. அப்படியிருக்கும்போது ஸ்டுடியோவுக்கு வாங்கும் கருவிக்கு உங்கள் நகை எதற்கு? ஒவ்வொரு ஆர்டரிலும் எடிட்டிங்குக்கு என்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். மூன்று நான்கு முகூர்த்தத்தில் இந்த டேப்லெட் பணம் சேர்ந்துவிடும். சண்டையாகக் கேட்க வேண்டாம், கணக்காகக் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: எடியஸைத் 'தெரிந்த பையன் போட்டுக்கொடுத்தான்' என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமம் இல்லாத மென்பொருளைத் தெரிந்தே பயன்படுத்துவது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. மிச்சமாகும் பணத்தில் முதலில் அதற்கு உரிமம் வாங்குங்கள், அல்லது கம்ப்யூட்டரிலேயே டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு மெல்ல மாறுங்கள்.

டேப்லெட் வந்த பிறகு

மெமரி கார்டை நேராக டேப்லெட்டில் காலி செய்து, கார்டை ஃபார்மேட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை மண்டபத்தில் அப்படிச் செய்தேன். பாதியில் திரை அணைந்து நகல் நின்றிருக்கிறது. ஏறிவிட்டது என்று நினைத்துக் கார்டை அழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் நலங்கு முழுக்க இல்லை. அந்தப் பெண்ணின் பாட்டி தேங்காய் உருட்டிச் சிரித்ததை நான் பார்த்தேன், எடுத்தேன், கொடுக்க முடியவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதிலிருந்து, இரண்டு டிஸ்கில் ஏற்றி, இரண்டிலும் கடைசி ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டைத் தொடுவேன். கிளவுடில் சிங்க் ஆகியிருப்பதைக் காப்பு நகல் என்று நினைக்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மூன்றாவது நகல் ஒன்று வேறு வீட்டில், அம்மா வீட்டிலோ எங்கேயோ, இருக்கட்டும்.

குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கக் கேட்பார்கள். அதில் இருப்பது ஊரார் வீட்டுப் பெண்களின் படம். சாம்சங் டேப்லெட்டில் குழந்தைக்குத் தனிப் பயனர் கணக்கு போடலாம். சாதாரண ஐபேடில் அப்படி முடியாது. இரண்டிலும் கடவு எண் கட்டாயம்.

ப்ரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகார் டேப்லெட்டுக்கு மாறியவர்கள் எல்லோருக்கும் முதலில் வரும். திரை வெளிச்சத்தை முழுதாக வைத்து எடிட் செய்தால், கண்ணுக்கு நன்றாக இருக்கும் படம் தாளில் மங்கித்தான் வரும். தானியங்கி வெளிச்சம், ராத்திரி மஞ்சள் திரை இரண்டையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சத்தை ஒரே அளவில் நிறுத்தி, லேபில் ஒரு சோதனைத் தாள் போட்டு, அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள். ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற கலர் முறையில் அனுப்புங்கள்.

மடியில் வைத்துக் குனிந்து வேலை செய்யாதீர்கள். ஏற்கனவே அத்தையைத் தூக்கிப் புரட்டுகிற முதுகு உங்களுடையது. செலக்‌ஷன் செய்யும்போது கண் மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்ட், பேனா வேலைக்கு மட்டும் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தெரிந்தவர் யாரிடமாவது ஒரு டேப்லெட்டை நான்கு நாள் இரவல் வாங்குங்கள். கையிலிருக்கும் தாமதமான ஆல்பங்களில் ஒன்றை எடுத்து, லைட்ரூமில் சிங்க் போட்டு, கூடத்தில் உட்கார்ந்து செலக்‌ஷனையும் கலரையும் முடித்துப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை தடவை படியேறினீர்கள் என்று அதே நோட்டில் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்த மாடல், எந்த அளவு என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.